குளியல் அட்டையில் வாளி இல்லை

சிறப்புக் கல்வியாளராகப் பணியில் சேர்ந்த முதல் ஆண்டில், ஆட்டிசம் உள்ள ஆறு வயதுச் சிறுவன் ஒருவனுக்காக இரவெல்லாம் விழித்திருந்து காட்சி அட்டவணை ஒன்றைச் செய்தேன். காலையில் எழுவதிலிருந்து பள்ளி வேனில் ஏறுவது வரை ஒன்பது படங்களை இணையத்திலிருந்து எடுத்து, வண்ணத்தில் அச்சிட்டு, லேமினேஷன் செய்து, பின்புறம் வெல்க்ரோ ஒட்டியிருந்தேன். கடையில் வாங்கியதைப் போலவே இருந்தது. இரண்டு வாரம் கழித்து விசாரித்தபோது, மற்ற அட்டைகளைப் பார்த்து ஓரளவு செய்கிறான் என்றும், குளியல் அட்டையை நீட்டினால் மட்டும் அசையாமல் நிற்கிறான் என்றும் அவனுடைய தாயார் சொன்னார். பிறகு சற்றுத் தயங்கி, "மிஸ், எங்க வீட்டுல ஷவரே கிடையாதே" என்றார்.

நான் ஒட்டியிருந்த படத்தில், செம்பட்டை முடியுள்ள குழந்தை ஒன்று ஷவருக்கடியில் நின்றுகொண்டிருந்தது. அந்தச் சிறுவனோ தினமும் பச்சை வாளியிலிருந்து மக்கால் மொண்டு குளிப்பவன். ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பலர் ஒரு படத்தின் நுண்விவரங்களைக் கூர்ந்து பார்ப்பார்கள். ஆனால் ஒரு படத்தை அதே வகையைச் சேர்ந்த வேறொரு பொருளுக்கும் பொருத்திக்கொள்வது அவர்களில் பலருக்குக் கடினம். வாளியும் மக்கும் இல்லாத ஒரு படம் அவனுக்குக் குளியலாகவே தெரியவில்லை.

அடுத்த வாரம் அந்த அட்டையை அவனும் தாயாரும் நானுமாகச் சேர்ந்து செய்தோம். வாளிக்குப் பக்கத்தில் மக்கை வைத்தவன் அவனே. செல்பேசியில் படம் எடுத்ததும் அவனே, அதனால் படம் சற்றுக் கலங்கியிருந்தது. அச்சிட்ட தாளைச் சுற்றித் தடித்த கோடு போட்டுக் கொடுத்தேன். கத்தரிக்கோலைத் தாயார் கைமேல் கைவைத்துப் பிடிக்க, அவன் வெட்டினான். பழைய தினசரிக் காலண்டரின் அட்டையில் பசை தடவி ஒட்டியபோது படம் கோணலாக விழுந்தது, அதை நாங்கள் சரிசெய்யவில்லை. மறுநாள் அந்த அட்டையை எடுத்துக்கொண்டு அவன் வாளியை நோக்கி நடந்தான் என்று தாயார் சொன்னார். மற்ற எட்டு அட்டைகளையும் ஒவ்வொன்றாக அப்படியே மாற்றினோம்.

அமெரிக்காவின் வட கரோலினாவில் 1972-இல் மாநில அளவிலான திட்டமாக நிறுவப்பட்ட, ஆட்டிசம் உள்ளவர்களுக்கான 'டீச்' (TEACCH) என்ற பயிற்சி முறையில் இத்தகைய அட்டவணைகளுக்கு முக்கிய இடம் உண்டு. ஆனால் அட்டவணை குழந்தைக்குப் புரிய வேண்டுமென்றால், படம் என்பது பொருளைக் குறிக்கிறது என்ற உறவு முதலில் அதன் மனத்தில் அமைய வேண்டும். உண்மைப் பொருள், அதன் புகைப்படம், கோட்டோவியம், எழுதிய சொல் என்ற வரிசையில் குழந்தை எந்தப் படியில் நிற்கிறது என்பதை, மூன்று பொருள்களை முன்னால் வைத்துப் படத்தோடு பொருத்தச் சொல்லிப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். புகைப்படமே இன்னும் பிடிபடாத குழந்தைக்கு மக்கையே கையில் கொடுப்பதுதான் சரி. பொருளை வைத்துப் படமெடுத்து, வெட்டி, ஒட்டும் அந்த அரை மணி நேரத்தில் குழந்தை அந்த உறவைக் கைகளால் பழகிக்கொள்கிறது. நாமே செய்து முடித்துக் கொடுக்கும்போது அந்தப் பயிற்சி நம்முடன் நின்றுவிடுகிறது.

லேமினேஷனைப் பற்றியும் சொல்ல வேண்டும். ட்யூப்லைட் வெளிச்சம் பளபளப்பில் பட்டுத் திரும்பும்போது, படத்தை விட்டுவிட்டு அந்த மினுமினுப்பை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள். வெல்க்ரோவின் 'சர்ர்' ஓசைக்காகவே அட்டையைப் பிய்த்துப் பிய்த்து ஒட்டிய ஒரு சிறுமிக்கு, தாயாரின் பழைய புடவையில் பைகள் தைத்து அட்டைகளைச் செருகி வைக்கும்படி மாற்றினோம். அதற்குப் பிறகுதான் அவள் படத்தையே பார்த்தாள்.

எண்ணிப் பழகுவதற்காகக் குன்றிமணியைக் கொடுக்கும் வழக்கம் சில வீடுகளிலும் பள்ளிகளிலும் இன்னும் இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம். அதைக் கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்தாகலாம். புளியங்கொட்டை, சிறு காந்தம், பட்டன் பேட்டரி ஆகியவையும் எதையும் வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்ளும் குழந்தையின் கைக்கு எட்டக்கூடாது. பெரிய பாட்டில் மூடிகள் போதும்.

படத்தைக் காட்டிப் பழக்கினால் பிள்ளை பேசாமலேயே இருந்துவிடுமோ என்ற அச்சத்தைப் பெற்றோரிடம் அடிக்கடி கேட்கிறேன், பாட்டிமாரிடம் இன்னும் அதிகமாக. படங்கள் பேச்சைத் தடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. சில குழந்தைகளுக்குப் பேச்சு வர அவை துணையாகவும் இருக்கின்றன. எனக்குள்ள கவலை வேறு. சில வீடுகளில் அட்டைகள் எல்லாமே கட்டளைகளாக இருக்கின்றன: எழு, குளி, சாப்பிடு, எழுது. ஊஞ்சல், முறுக்கு, அப்பாவின் பைக் போன்ற பிடித்தமானவற்றின் படங்களும் அந்த வரிசையில் இல்லாவிட்டால், அட்டையைக் கண்டதும் குழந்தை ஓடத்தான் செய்யும். மழை பெய்து ஊஞ்சல் இல்லாமல் போகும் நாளுக்காக 'மாற்றம்' என்று ஓர் அட்டையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; முதன்முதலில் அதைக் காட்டும்போது, ஊஞ்சலுக்குப் பதிலாக முறுக்கு கிடைப்பது போன்ற நல்ல மாற்றமாகவே அது இருக்கட்டும்.

அட்டையின் கீழே சொல்லைத் தொடக்கத்திலிருந்தே எழுதி வையுங்கள். குழந்தை அதை அடையாளம் காணத் தொடங்கியதும், அடுத்த அட்டையைச் செய்யும்போது படத்தைச் சற்றுச் சிறிதாக்கி எழுத்தைச் சற்றுப் பெரிதாக்கலாம். அந்தச் சிறுவனின் குளியல் அட்டை இப்போது நான்காவது முறையாக மாறியிருக்கிறது. 'குளியல்' என்ற சொல் முழு அகலத்துக்கு இருக்கிறது, மூலையில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பச்சை வாளி.