தரிசு என்று எழுதிய வரி

போன மாதம் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்சில் உள்ள எங்கள் அலுவலகத்தில் ஓர் அறிக்கையின் வரைவைப் படித்துக்கொண்டிருந்தேன். அமெரிக்காவின் மேற்கே, வறண்ட மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தின் சுற்றுப்புறம் பற்றியது. புதிதாகச் சேர்ந்த தம்பி செயற்கைக்கோள் படங்களை வைத்து எழுதியிருந்தார். நிலத்தின் தன்மைக்கு ஒரே வரி: "தரிசு. குறிப்பிடத்தக்க தாவரம் இல்லை."

"எதைப் பார்த்துத் தரிசு என்கிறீர்கள் தம்பி?"

"படத்தைப் பாருங்கள் அண்ணா. சாம்பல் நிறப் புதரைத் தவிர ஒன்றுமே இல்லையே."

அவர் வளர்ந்த ஊர் அப்படி. கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. வெட்டிக் குவித்த மண்ணில் சில மாதங்களிலேயே லாலாங் புல் இடுப்பளவு நிற்கும். ராவாங் பக்கத்தில் பத்து ஆராங் இருக்கிறது. மலாய் மொழியில் அந்தப் பெயருக்கே நிலக்கரி என்றுதான் பொருள். அங்கே 1915 முதல் 1960 வரை கரி எடுத்தார்கள். இன்று போய்ப் பார்த்தால் பள்ளங்களில் தண்ணீர், கரையெங்கும் மரம். அடியில் பழைய சுரங்கப் பாதைகள் ஓடுவது கண்ணுக்குத் தெரியாது. பச்சையைக் கண்டால் நிலம் தேறிவிட்டது என்றும், பச்சை இல்லையென்றால் அங்கே இழப்பதற்கு ஒன்றுமில்லை என்றும் நாம் முடிவு கட்டிவிடுகிறோம். இரண்டுமே தவறு. இரண்டாவது தவறுதான் அதிகக் கேடு செய்கிறது, ஏனென்றால் அது சுரங்கம் தோண்டும் முன்பே அறிக்கையில் ஏறிவிடுகிறது.

எனக்கும் அந்தக் கண்தான் இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் வயோமிங் மாநிலத்தில் ஒரு களப் பயிற்சிக்குப் போயிருந்தேன். ஆண்டுக்கு 300, 400 மில்லிமீட்டர் மழைதான். தரை கறுத்து, வெடித்து, கருகிய தோசைபோலக் கிடந்தது. உடன் வந்த மண் ஆய்வாளர் என்னை மண்டியிடச் சொன்னார். தன் தண்ணீர்ப் புட்டியின் மூடியில் கொஞ்சம் நீர் எடுத்துத் தரையில் விட்டார். கறுப்பு நூல்போலச் சுருண்டிருந்த ஏதோ ஒன்று மெல்ல விரிந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளங்கை அளவு இடம் பச்சையாகிவிட்டது. அது பாசி. அதனுடன் லைக்கன் எனும் கற்பாசியும் நீலப்பச்சை நுண்ணுயிர்களும் பின்னி, சில மில்லிமீட்டர் கனத்தில் மண்ணுக்கு ஒரு தோலாக இருந்தன. காற்று மண்ணை வாரிக்கொண்டு போகாமல் பிடித்து வைப்பதும், காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்ப்பதும் அந்தத் தோல்தான். லாரிச் சக்கரம் ஒருமுறை ஏறினால் நொறுங்கிவிடும். மறுபடி முழுதாகக் கட்டப் பல பத்தாண்டுகள் ஆகும். திரும்பிப் பார்த்தேன். நாங்கள் நடந்து வந்த தடம் தெளிவாகத் தெரிந்தது. அன்றிலிருந்து வறண்ட நிலத்தில் ஏற்கெனவே இருக்கும் பாதையை விட்டு நான் இறங்குவதில்லை.

தம்பி சொன்ன சாம்பல் நிறப் புதர், சேஜ் புதர். ஆழத்து வேர் உறிஞ்சும் நீரில் ஒரு பகுதியை இரவில் மேல்மண்ணுக்குக் கொண்டுவந்து கசியவிடுகிறது. ஆய்வாளர்கள் இதை 1987இல் அளந்து எழுதினார்கள். பனிக்காலத்தில் சேஜ் காட்டுக்கோழிக்கு இதன் இலைதான் ஏறக்குறைய ஒரே தீனி. சுரங்கத்தை மூடி விதை தூவினால் புல் சீக்கிரம் வரும். இந்தப் புதர் பழைய அடர்த்திக்கு வர ஒரு தலைமுறையே ஆகலாம்.

தண்ணீரின் கதை இன்னும் கடுமையானது. அந்தச் சுரங்கம் இருக்கும் படுகையில் நிலக்கரி அடுக்கே நிலத்தடி நீரைத் தாங்கும் அடுக்கும்கூட. கரியை எடுக்க நீரை இறைத்தாக வேண்டும். இறைத்தால் சுற்றியுள்ள மாட்டுப் பண்ணைகளின் கிணறுகளில் மட்டம் இறங்கும். தோண்டிய குழியை மறுபடி மண் போட்டு நிரப்பினாலும் பழைய அடுக்கு திரும்பாது. கலைந்த மண்ணும் பாறையும் உப்பைக் கரைத்து நீரில் விடுகின்றன.

1977ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுரங்கச் சட்டம் இந்த மெதுவான காலக்கணக்கை ஒப்புக்கொள்கிறது. மேல்மண்ணைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். செடி நட்ட பிறகும் நிறுவனத்துக்கு 5 ஆண்டுகள் பொறுப்பு உண்டு. ஆண்டு மழை 26 அங்குலமோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் 10 ஆண்டுகள். அதாவது சுமார் 660 மில்லிமீட்டர். நம் ஊரில் நல்ல மழைக்காலத்தில் இரண்டு மூன்று மாதங்களில் பெய்து தீர்வது! பத்து ஆண்டுகூடப் போதாது என்பது என் கருத்து. ஆனாலும் வறண்ட நிலத்துக்குக் கூடுதல் காலம் வேண்டும் என்று சட்டத்தில் எழுதி வைத்தார்களே, அதை நான் மதிக்கிறேன்.

இப்படிப்பட்ட அறிக்கை கைக்கு வந்தால் நான் முதலில் தேடுவது களம் பார்த்த தேதியை. பனி உருகும் வசந்தத்தில் மட்டும் ஓடும் ஓடைகள் கோடையில் வெறும் மணல் வரி. அடுத்தது கிணற்று மட்டம். சுரங்கம் தொடங்கும் முன் சில ஆண்டுகளாவது அளந்திருக்க வேண்டும். அந்த எண்கள் இல்லாவிட்டால், கிணறு வற்றியபின் பண்ணைக்காரர் எதைக் காட்டி நியாயம் கேட்பார்?

தம்பியின் படத்தில் தேதியைத் தேடினேன். ஆகஸ்ட் கடைசி, அங்கே கோடை. அவரிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அந்த வரியை அவரே அழித்தார். மே மாதம் எடுத்த படங்களும் கிணற்று அளவுகளும் வேண்டும் என்று அன்று மாலையே கடிதம் அனுப்பினோம். அவை வரும்வரை அறிக்கையில் அந்த இடம் காலியாகவே இருக்கும்.