கனடாவிலிருந்து வந்த சட்டியும் நம் வீட்டு மின்சாரமும்

திருகோணமலை உவர்மலையிலிருந்து வந்த ஓர் அம்மா, துவாயில் சுற்றிய பெரிய பீங்கான் சட்டியொன்றை, மின்சாதனம் திருத்தும் என் மேசையில் வைத்தார். டொரன்டோவில் இருக்கும் மகள் பெட்டியில் போட்டு அனுப்பிய ஸ்லோ குக்கர்; குறைந்த சூட்டில் பல மணித்தியாலம் மெதுவாக வேகவைக்கும் மின்சட்டி. முதல் நாளே ஆட்டெலும்பு வாங்கிப் போட்டு, மகள் தொலைபேசியில் சொன்னபடி குமிழை 'லோ'வில் திருப்பிவிட்டுக் கோயிலுக்குப் போயிருக்கிறார். திரும்பி வந்தபோது குசினி முழுவதும் கருகல் மணம். "தம்பி, எட்டு மணித்தியாலம் வைக்கச் சொன்னாள். ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லையே" என்றார்.

சட்டியைக் கவிழ்த்து அடியில் ஒட்டியிருந்த தாளை வாசித்தேன். 120 வோல்ட், 240 வாட். கழற்றிப் பார்க்காமலே காரணம் தெரிந்துவிட்டது.

கனடாவிலும் அமெரிக்காவிலும் வீட்டுக்கு வரும் மின்சாரம் 120 வோல்ட். நமக்கு 230. வோல்ட் ஏறக்குறைய இரட்டிப்பாகும்போது சூடாக்கும் கம்பியில் பிறக்கும் வெப்பம் இரட்டிப்போடு நிற்பதில்லை. நான்கு மடங்கை நெருங்கிவிடும். 240 வாட்டுக்காகச் செய்த கம்பி இங்கே 880 வாட் அளவுக்கு இழுக்கும். வெப்பம் மிஞ்சினால் அறுந்து காப்பதற்கென்று உள்ளே சிறிய பியூஸ் ஒன்று இருக்கும். அது நேரத்துக்கு அறுந்தால் சட்டியோடு போகும். அறுந்துபோகாவிட்டால் குசினியே தீப்பிடிக்கலாம். கடையில் வாங்கும் அடாப்டர் முள்ளின் வடிவத்தை மாற்றுமே தவிர வோல்ட்டை மாற்றாது. இந்த ஒரு விடயம் தெரியாமல் எரிந்த சாதனங்களை இருபது ஆண்டுகளுக்கு மேலாக என் மேசையில் பார்த்து வருகிறேன். வோல்ட் குறைக்கும் டிரான்ஸ்போமர் வைத்துப் பாவிக்கலாம்தான். ஆனால் இந்தச் சுமையை மணிக்கணக்கில் தாங்கும் நல்ல டிரான்ஸ்போமருக்குச் செலவழிக்கும் பணத்தைப் புதுச் சட்டிக்கே கொடுத்துவிடலாம்.

ஆகவே வெளிநாட்டு உறவுகளுக்கு இதைச் சொல்லிவிடுங்கள். கனடாவிலிருந்து வேண்டாம். லண்டனிலிருந்து வருவது 230 வோல்ட், நாம் இப்போது பாவிக்கும் அதே 13 ஆம்பியர் சதுர முள். அவுஸ்திரேலியாவிலிருந்து வருவதற்கு முள்ளை மட்டும் மாற்றினால் போதும். எங்கிருந்து வந்தாலும் அடித்தாளை வாசிக்காமல் செருகாதீர்கள்.

அடுத்த கேள்வி, உங்கள் வீட்டுக்கு ஸ்லோ குக்கர் தேவையா என்பது. சாதனம் திருத்துகிறவன் இப்படிக் கேட்பது சிலருக்கு வியப்பாக இருக்கும். கேட்காமல் விட எனக்கு மனமில்லை. அமெரிக்காவில் 1971இல் குரோக்-பாட் என்ற பெயரில் இது கடைக்கு வந்தபோது, பகல் முழுவதும் அடுப்பைப் பார்க்க வீட்டில் ஆளில்லாத குடும்பங்களே விரும்பி வாங்கின. அதே நிலைமை உள்ள வீடுகள் திருகோணமலையிலும் உண்டு. கணவன் துறைமுகத்தில், மனைவி பாடசாலையில், பிள்ளைகள் பிரத்தியேக வகுப்பு முடிந்து ஆறு மணிக்கு வருவார்கள் என்றால், காலையில் போட்ட இறைச்சி மாலையில் எலும்பிலிருந்து கழன்று நிற்பது பெரிய உதவி. வீட்டில் ஒருவர் எப்போதும் இருக்கிறார், எரிவாயு அடுப்பும் இருக்கிறது என்றால் முதலில் நல்ல பிரஷர் குக்கர் வாங்குங்கள். கடலையும் கௌபியும் அதில் விரைவாக வெந்துவிடும். மைசூர்ப் பருப்புக்கு இரண்டுமே தேவையில்லை.

மின்பட்டியலையும் எடுத்துப் பாருங்கள். மூன்றரை லீற்றர் சட்டி 'லோ'வில் சுமார் 150 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொண்டால், எட்டு மணித்தியாலத்துக்கு 1.2 அலகு. வாரம் இரண்டு முறை சமைத்தால் மாதம் 10 அலகு; தினமும் என்றால் 36. எண்ணிக்கை சிறிதுதான், ஆனால் அது எங்கே போய்ச் சேருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். நம் வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. மாதப் பாவனை 60 அலகுக்குள் இருக்கும் வீட்டுக்கு முதல் 30 அலகும் குறைந்த விலையில் கிடைக்கிறது. 60ஐத் தாண்டிய மாதத்தில் அந்தச் சலுகை விலையே இல்லாமல் போய், முதல் அலகிலிருந்தே கணக்கு மாறும். நிலையான கட்டணமும் கூடும். விலைகள் அவ்வப்போது மாறினாலும் இந்த 60 என்ற வாசலைக் கவனியுங்கள். 52 அலகில் நிற்கும் வீடு வாரம் இரண்டு முறை ஸ்லோ குக்கர் பாவித்தால் 62க்குப் போய்விடும். ஏற்கெனவே 75இல் நிற்கும் வீட்டுக்கு அதே 10 அலகு அவ்வளவு சுடாது. மலிவான சட்டி எது என்று கடைக்காரரிடம் கேட்பதற்கு முன்னால், கடந்த மூன்று மாதப் பட்டியலை விரித்துவைத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

வாங்குவது என்று முடிவெடுத்தால், அளவில் ஆசைப்படாதீர்கள். நான்கைந்து பேருக்கு மூன்றரை லீற்றர் போதும். சட்டி குறைந்தது அரைவாசி நிரம்ப வேண்டும், முக்கால்வாசியைத் தாண்டக்கூடாது. ஆறு லீற்றர் சட்டியின் அடியில் கொஞ்சம் கறியைப் போட்டால் ஓரம் காய்ந்து பிடிக்கும், மின்சாரமும் வீண்.

டிஜிட்டல் வேண்டாம், குமிழ் திருப்புவதையே வாங்குங்கள் என்பேன். விலை குறைவு, பழுதானால் திருத்துவதும் எளிது. இன்னொரு காரணமும் இருக்கிறது. மின்சாரம் போய் வந்தால் டிஜிட்டல் சட்டிகளில் பல மீண்டும் தொடங்காமல் அணைந்தபடியே கிடக்கும். குமிழ்ச் சட்டி தானாகவே தொடரும். ஆனால் அதிலேயே ஓர் ஆபத்தும் உண்டு. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது நினைவிருக்கும். அன்று காலையில் இறைச்சியைப் போட்டுவிட்டு வெளியே போனவருக்கு, மாலையில் சட்டி சூடாகவே தெரிந்திருக்கும். இடையில் எத்தனை மணித்தியாலம் அது வெதுவெதுப்பாகக் கிடந்தது என்பது தெரியாது. 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையிலான வெப்பத்தில்தான் கிருமிகள் பெருகுகின்றன. நீங்கள் வீட்டில் இருக்கும்போது மின்சாரம் போனால் உடனே எரிவாயுவிலோ விறகிலோ ஏற்றிச் சமைத்து முடித்துவிடுங்கள். நீங்கள் இல்லாத நேரத்தில் போயிருந்தால் எவ்வளவு நேரம் என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். தெரியாவிட்டால் கொட்டிவிடுங்கள். ஒரு கிலோ இறைச்சியைக் கொட்டுவது எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும். சிறு பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்து ஆஸ்பத்திரியில் படுத்தால் அதைவிட வலிக்கும்.

வெளிப்புறம் உலோகமாக இருந்தால் வயரில் எர்த் இணைப்பு, அதாவது கசியும் மின்சாரத்தை நிலத்துக்குக் கடத்தும் இணைப்பு, இருக்க வேண்டும். பிளக்கின் பெரிய முள் பிளாஸ்டிக்காக இருந்தால் அந்தச் சட்டிக்கு எர்த் இல்லை. அப்படிப்பட்ட உலோகச் சட்டியை நான் என் வீட்டுக்கு வாங்கமாட்டேன். உள்சட்டி தனியாகக் கிடைக்குமா என்றும் கடையில் கேளுங்கள். என்னிடம் வரும் சட்டிகளில் கம்பி நன்றாக இருந்தும் பீங்கான் வெடித்துப்போனவை நிறைய. சுடச்சுட எடுத்துப் பச்சைத்தண்ணீரில் கழுவுவதும், குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு சூட்டில் வைப்பதும் அதற்குக் காரணம். உறைந்த இறைச்சியையும் அப்படியே போடாதீர்கள். உள்ளே சூடு ஏற நேரமாகும்.

நம் ஊரில் கடற்காற்று ஒரு தனி எதிரி. டச்சுக்குடா, உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்திலிருந்து வரும் சாதனங்களில் திருகாணியும் வயர் முனைகளும் துருப்பிடித்திருக்கும். துருப்பிடித்த இணைப்பு சூடாகி வயரை உருக்கும். பாவிக்காத நாட்களில் துடைத்து, பையில் கட்டி, யன்னலிலிருந்து தள்ளி வையுங்கள். வெளிக்கூட்டைத் தண்ணீரில் முக்காதீர்கள். முக்கிவிட்டு, மின்சாரம் கசிந்தால் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் விழுகிறது என்று வருகிறார்கள். விழுவது உங்கள் உயிரைக் காக்கத்தான்; அதைக் கழற்றி நேரடியாக இணைத்துத் தரும்படி தயவுசெய்து யாரிடமும் கேட்காதீர்கள்.

சமையல் என் தொழில் அல்ல, என்றாலும் ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. இராஜ்மா என்று விற்கும் சிவப்புப் போஞ்சி விதையை ஊறவைத்து நேராக ஸ்லோ குக்கரில் போடுவது ஆபத்து. அதிலுள்ள இயற்கை நச்சு, நன்றாகக் கொதித்தால்தான் அழியும். 80 பாகையளவில் மெதுவாக வேகும்போது அது கூடவும் செய்யலாம். நாலைந்து விதையே வாந்தியையும் வயிற்றோட்டத்தையும் கொண்டுவரும். குறைந்தது ஐந்து மணித்தியாலம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அடுப்பில் 30 நிமிடம் கொதிக்கவிட்ட பிறகே சட்டிக்கு மாற்றுங்கள். தேங்காய்ப்பாலைக் கடைசி அரை மணித்தியாலத்தில் சேருங்கள், இல்லையென்றால் திரிந்துவிடும். மூடியை அடிக்கடி திறக்க வேண்டாம். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சமையல் 20 நிமிடம் வரை பின்னுக்குப் போகும்.

பழைய சட்டி மலிவாகக் கிடைத்தால் மறுக்க வேண்டியதில்லை. கிண்ணியாவில் ஒரு தங்கை அப்படி வாங்கிய சட்டியில்தான் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறார். ஆனால் முதலில் அரைவாசிக்குத் தண்ணீர் ஊற்றி, மூடி, 'லோ'வில் எட்டு மணித்தியாலம் வைத்து, மூடியைத் திறந்த உடனேயே வெப்பமானியால் அளந்து பாருங்கள். 85 பாகைக்குக் குறைந்தால் அதில் இறைச்சி சமைக்க வேண்டாம். வெப்பமானி இல்லாதவர்கள் உங்கள் ஊரில் மின்சாதனம் திருத்துகிறவரிடம் கொண்டுபோங்கள். காலையில் கொடுத்தால் மாலைக்குள் பார்த்துச் சொல்லிவிடலாம்.