ஜெபம் வராத நாட்கள்

"டாக்டர், நான் பின்மாற்றத்துல போயிட்டேன், விசுவாசத்துல பின்வாங்கிட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் அந்த அக்கா நாற்காலியிலேயே உட்கார்ந்தார். 20 வருடத்துக்கு மேலாகச் சபையில் பிள்ளைகளுக்கான ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை. (அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) பையிலிருந்து ஜெப நோட்டை எடுத்து மேசைமேல் விரித்தார். முன்பக்கங்களில் நெருக்கி நெருக்கிப் பெயர்கள்: யாருக்குக் குழந்தை வேண்டும், யாருக்கு ஆபரேஷன், எந்தப் பையனுக்கு வேலை. கடைசி ஆறேழு பக்கங்களில் தேதிகள் மட்டும். தினமும் நோட்டைத் திறந்து தேதி போட்டிருக்கிறார், அதற்குமேல் ஒரு வரிகூட வரவில்லை.

பேச்சோடு பேச்சாக அவர் சொன்ன வேறொன்றை நான் குறித்துக்கொண்டேன். தினமும் விடியற்காலை 3 மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. 'கர்த்தர் ஜெபிக்க எழுப்புறார், நான்தான் கீழ்ப்படியலை' என்று நினைத்து முழங்காலில் நின்று, வார்த்தை வராமல் அழுதிருக்கிறார். வழக்கத்தைவிட இரண்டு மூன்று மணி நேரம் முன்பே விழிப்பது, அப்புறம் தூக்கம் வராமல் கிடப்பது, காலையில் கனக்கிற மனம் சாயங்காலம் கொஞ்சம் இலேசாவது எல்லாம் மனச்சோர்வு நோய்க்கு நன்றாகத் தெரிந்த அறிகுறிகள். சபை மக்கள் பலர் இதைப் பாவக் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். இந்த அக்காவுக்குக் கிடைத்த ஆலோசனை 3 நாள் உபவாசம். அதற்கு முன்பே பசியில்லாமல் நாலு மாதத்தில் 6 கிலோ இறங்கியிருந்தார்.

அன்பினால்தான் அப்படிச் சொல்லியிருப்பார்கள். ஆனால் வேதாகமத்தில் 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை நாம் நிதானமாக வாசிப்பதே இல்லை என்று எனக்கு வருத்தம் உண்டு. கர்மேல் மலையில் பாகாலின் தீர்க்கதரிசிகளுக்கு எதிராக அவ்வளவு பெரிய வெற்றியைக் கண்ட தீர்க்கதரிசி எலியா, ராணி யேசபேலுக்குப் பயந்து பெயெர்செபாவுக்கு ஓடி, வனாந்தரத்தில் ஒருநாள் வழி நடந்து, சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்கிறார். தேவதூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை. தட்டி எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறார். அதற்கு ஒரு கண்டிப்பும் இல்லை, இரண்டாம் தரமும் சாப்பிடத்தான் எழுப்புகிறான். ஓரேப் மலையும் அங்கே கர்த்தர் பேசிய மெல்லிய சத்தமும் 40 நாள் கழித்துத்தான் வருகின்றன. அங்கேயும் வேலையைத் தோள் மாற்றிக்கொள்ள எலிசாவைக் கர்த்தர் காட்டுகிறார். ஒரே ஆள் பாடகர் குழு, வீட்டுக்கூட்டம், அசனக் (சபை விருந்து) கணக்கு எல்லாவற்றையும் சுமக்கிற சபைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

எல்லா வறட்சியும் நோயல்ல. சிலருக்குத் தூக்கமும் பசியும் சரியாகவே இருக்கும், உள்ளே ஒன்று உறுத்திக்கொண்டிருக்கும்: தம்பியை ஏமாற்றி எழுதி வாங்கிய நிலம், சபைப் பணத்தில் வைத்த கை. அதற்கு என்னிடம் மாத்திரை இல்லை. சபை ஐயரிடம் (போதகரிடம்) போய் அறிக்கையிட்டு, திருப்பிக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்கத்தான் வேண்டும். கரிநெருப்பருகே குளிர்காய்ந்தபடி இயேசுவை மறுதலித்த சீஷன் பேதுருவை, திபேரியா கடற்கரையில் இன்னொரு கரிநெருப்பருகேதான் ஆண்டவர் "என்னை நேசிக்கிறாயா" என்று மூன்று தரம் கேட்டார். கேள்விக்கு முன்னால் அங்கேயும் மீனும் அப்பமும்தான்.

மனம் தாழ்ந்துபோவதும் எதிலும் நாட்டமில்லாததும் 2 வாரத்துக்கு மேல் நாள் முழுக்க நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு குறைவும் இரத்தசோகையும் இதே முகத்தோடு வரும் என்பதால் இரத்தப் பரிசோதனை அவசியம். சாகவேண்டும் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே பேசுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இலவசம், 24 மணி நேரமும் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம்.

"மாத்திரை போட்டா விசுவாசக் குறைச்சல் இல்லையா?" என்று அக்கா கேட்டார். "பிரஷர் மாத்திரையை ஸ்தோத்திரம் பண்ணித்தானக்கா போடுறீங்க, இதையும் அப்படியே போடுங்க" என்றேன். உபவாசம் இப்போதைக்கு வேண்டாம், ஓய்வுநாள் பள்ளியை மூன்று மாதம் வேறு யாராவது பார்க்கட்டும் என்றும் சொன்னேன். மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும், நடுவில் தானாக நிறுத்தக் கூடாது என்பதை இரண்டு தரம் சொல்லி அனுப்பினேன்.

ஆறு வாரம் கழித்து வந்தபோது நோட்டை அவராகவே விரித்தார். தேதிக்குக் கீழே ஒரு வரி இருந்தது: "இன்று ஐந்தரை வரை தூங்கினேன். ஸ்தோத்திரம்."