ஆகாயத்தாமரை வளைகிறது, லித்ரம் மாறுகிறது

நெருக்கமில்லாத நீரில் மிதக்கும் ஆகாயத்தாமரையின் இலைக்காம்பு குட்டையாக, பந்துபோல் உப்பியிருக்கும். நீர்ப்பரப்பு நிரம்பிவிட்டால் அதே செடி விடும் புதுக் காம்புகள் ஒல்லியாக, ஒரு மீட்டர் வரைகூட உயரும். அண்டைச் செடிகளே தாங்கிக்கொள்வதால் மிதவை தேவையில்லை, இனி போட்டி வெளிச்சத்துக்குத்தான். நீரில் பாஸ்பரஸ் குறைந்தால் பக்கவேர்கள் நீளும். இத்தனைக்கும் மரபணு எதுவும் மாறவில்லை. அமேசான் படுகையிலிருந்து கிளம்பிய இச்செடி, போன இடங்களில் பெரும்பாலும் ஓடுதண்டால் பெருகிய ஒரே செடியின் நகல்தான். ஒரே மரபணுத் தொகுதி இடத்துக்கேற்ற உடலெடுப்பதைத் தோற்ற நெகிழ்வு என்கிறோம். வந்திறங்கிய புதிதில் அந்நியச் செடியைக் காப்பாற்றுவது பெரும்பாலும் இதுதான்.

மரபு மாற்றம் பிறகு வரும். நாம் நினைக்குமளவு மெதுவாக அல்ல. ஐரோப்பாவிலிருந்து வட அமெரிக்காவுக்குப் போன லித்ரம் சாலிகேரியா என்ற ஈரநிலச் செடி வடக்கே பரவியபோது குறுகிய கோடையில் மாட்டிக்கொண்டது. தாமதமாகப் பூத்தவை விதை முற்றுமுன் பனியில் கருகின. முந்திப் பூத்தவற்றின் சந்ததியே நிலைத்தது. அதற்கு விலையும் உண்டு: சீக்கிரம் பூக்கும் செடி வளர நேரமின்றிச் சிறுத்துவிடும். அதையே தெற்கில் நட்டால் நீண்ட கோடையைப் பயன்படுத்தத் தெரியாமல் பின்தங்கும்.

நெகிழ்வா, மரபா என்று பிரித்தறியப் பல இடத்து விதைகளை ஒரே வயலில், ஒரே மண்ணில் வளர்க்க வேண்டும். வேறுபாடு மறைந்தால் நெகிழ்வு, நீடித்தால் மரபு. சேகரித்த விதையை நேராக விதைத்து ஒப்பிடும்போதுதான் சோதனை சறுக்கும். வளமான மண்ணில் வளர்ந்த தாயின் விதை கனமாக இருக்கலாம். நாற்று அதனாலேயே முந்தும். ஒரு தலைமுறையைப் பொது வயலில் வளர்த்து, அதன் விதையைக் கொண்டே ஒப்பிட வேண்டும்.

மரபு மாற்றத்துக்குக் குறுக்குவழியும் உண்டு. இங்கிலாந்தின் தென்கரைச் சேற்றில் அமெரிக்க ஸ்பார்டினா புல்லும் உள்ளூர் இனமும் கலந்து பிறந்த புல் மலடு. இரு பெற்றோரின் குரோமோசோம்களும் சரியாக இணைசேரவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் அந்தக் கலப்புப் புல்லின் குரோமோசோம் தொகுதி முழுதும் இரட்டித்தது. ஒவ்வொன்றுக்கும் ஜோடி கிடைத்தது, விதை பிடித்தது. ஸ்பார்டினா ஆங்கிலிகா என்ற புதிய இனம் வெறும் சேற்றுப்பரப்பைப் புல்வெளியாக்கியது.

தாயகத்துப் பூச்சிகள் உடன் வராதது அந்நியச் செடிக்குப் பெரிய லாபம். பூச்சியை விரட்டும் நச்சுக்குச் செலவிடுவதை வளர்ச்சிக்குத் திருப்பலாம். எல்லாச் செடியும் அப்படித் திருப்புவதில்லை. கேரட் குடும்பத்துக் காட்டு பார்ஸ்னிப்பில் அந்த மாற்றத்தின் தடயம் காகிதத்தில் ஒட்டிய உலர்மாதிரிகளாகவே இருக்கிறது: வட அமெரிக்காவில் அதன் பூச்சி வருவதற்குமுன் பறித்தவற்றில் ஃபுரானோகூமரின் நச்சு குறைவு, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பூச்சி வந்துசேர்ந்தபின் பறித்தவற்றில் அதிகம்.