ஒரே ஒரு கருவாட்டுத் துண்டு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் குடியிருப்பில் நான்கு வீடு தள்ளி இருக்கும் அக்கா போன வாரம் கேட் ஓரமாக நிறுத்திக் கேட்டார். "சார், நீங்க சயன்ஸ் வாத்தியார்தானே, இதுக்கு ஒரு பதில் சொல்லுங்க. எங்க நாய்க்கு ஒன்பது மாசம் ஆவுது. நான் காலையில ஆறு மணிக்கே பெக்டரிக்குப் போயிடுறேன். அவரு லோரிய எடுத்துட்டுப் போயிடுவாரு. எத்தனை நாளைக்குத்தான் பின்கட்டுல பலகை வச்சு அடைச்சுப் போடறது? எத்தனாவது மாசத்துல வீட்டுக்குள்ள அவுத்து விடலாம்?"

ரப்பர்த் தோட்டத்து லயத்து வீட்டில் இருந்த காலத்தில் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. நாய் வாசலில் கிடக்கும். விடிகாலையில் பால்மரம் வெட்டப் போகும் தாத்தாவின் பின்னாலேயே போகும். வீட்டுக்குள் அதற்கு வேலையே இல்லை. தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு வந்து, கேட் போட்டு, கவுன்சிலில் லைசன்ஸ் எடுத்த பிறகுதான் நாய் உள்ளே வந்தது. சோபாவும் அப்போதுதான் வந்தது.

உடம்பு சம்பந்தப்பட்ட கணக்கு சுலபம். நாய்க்குட்டிக்குப் பால்பற்கள் 28. அவை விழுந்து 42 நிரந்தரப் பற்கள் முளைத்து முடிய ஏழு மாதம் வரை ஆகும். அதுவரை ஈறு தினவெடுக்கும், கிடைத்ததை எல்லாம் கடிக்கும். மூத்திரத்தை அடக்குவதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: எத்தனை மாதக் குட்டியோ, அதோடு ஒன்றைக் கூட்டினால் வருவது மணிக்கணக்கு. வளர்ந்த நாயாக இருந்தாலும் எட்டு மணி நேரத்துக்கு மேல் எதிர்பார்ப்பது பாவம். ஆக, ஒன்பது மாத நாய்க்குப் பல்லும் சரி, மூத்திரப் பையும் சரி, பெரும்பாலும் தயார். தயாராகாதது வேறொன்று.

"அதுக்குத் தப்புன்னு நல்லாத் தெரியும் சார். செருப்பக் கடிச்சுப் போட்ட அன்னைக்கு மூஞ்சியப் பார்க்கணுமே" என்றார் அக்கா. எல்லோரும் இதைத்தான் சொல்கிறோம். நியூயார்க்கில் நாய்களை ஆராயும் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009ல் 14 நாய்களை வைத்து இதைச் சோதித்தார். தின்பண்டத்தைக் காட்டி, "தொடாதே" என்று சொல்லிவிட்டு எஜமானர் வெளியே போய்விட வேண்டும். அவர் இல்லாதபோது சில முறை நாய் அதைத் தின்றது, சில முறை தின்னவில்லை. திரும்பி வருபவரிடம் நடந்ததைச் சில நேரம் உண்மையாகவும் சில நேரம் பொய்யாகவும் சொன்னார்கள். அந்தக் குற்றவாளி முகம் தின்றதற்கும் தின்னாததற்கும் ஏற்ப மாறவே இல்லை. திட்டு வாங்கினால் வந்தது, அவ்வளவுதான். ஒரு தப்பும் செய்யாமல் திட்டு வாங்கிய நாய்களிடம்தான் அது இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. அந்த முகம் நம் கோபத்துக்கான பதில். போன செருப்புக்கு அதில் இடமில்லை.

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் 2003ல் நடந்த ஆய்வு இன்னும் சுவாரசியம். தொடக் கூடாது என்று தடுத்த உணவைத் தரையில் வைத்துவிட்டு, ஆள் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தால் நாய்கள் தொடத் தயங்கின. அதே ஆள் முதுகைக் காட்டினால், கண்ணை மூடினால், அறையை விட்டே போனால், எடுத்துக்கொண்டன. அக்கா வீட்டு நாய் கற்றிருப்பதும் "செருப்பைக் கடிக்காதே" என்பதல்ல. "அக்கா பார்க்கும்போது கடிக்காதே" என்பதுதான். ஆறு மணிக்குக் கேட் சாத்தும் சத்தம் கேட்டதும் அந்தப் பாடத்தின் எல்லை முடிந்துவிடுகிறது.

அப்படியானால் ஆள் இல்லாத வீட்டில் அது எதைக் கற்கிறது? எனக்குப் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர், எலி ஒரு நெம்புகோலை அழுத்தினால் உணவு உருண்டை விழும் பெட்டி ஒன்றைச் செய்து வைத்திருந்தார். உருண்டைகளையும் அவரே உருட்ட வேண்டும். ஒரு சனிக்கிழமை மத்தியானம் கையிருப்பைக் கணக்குப் பார்த்தார். அன்று முழுக்க உட்கார்ந்து உருட்டாவிட்டால் திங்கட்கிழமை காலைக்குள் தீர்ந்துவிடும். மனுஷனுக்குச் சோம்பல். ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஏன் தர வேண்டும், நிமிடத்துக்கு ஒன்று போதுமே என்று மாற்றினார். எலி சலித்துப் போய் விட்டுவிடும் என்றுதானே நினைப்போம்? விடாமல் அழுத்தியது. இந்த வழியில் தொடர்ந்த ஆராய்ச்சிகளில் ஒன்று உறுதியானது: எப்போதும் பரிசு கிடைத்துப் பழகிய விலங்கு, பரிசு நின்றதும் சீக்கிரம் ஓய்ந்துவிடும். எப்போதாவது மட்டும் கிடைத்துப் பழகியது லேசில் ஓயாது.

ஏன் என்பதற்கு மூளைக்குள் ஒரு தடயம் இருக்கிறது. நரம்பியல் ஆய்வாளர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ், குரங்குகளின் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களில் மெல்லிய மின்முனையை வைத்துக் கேட்டார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் அணுக்கள் படபடவென்று துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று பழகிய பிறகு துடிப்பு விளக்குக்கு இடம் மாறிவிட்டது. சாறு வரும்போது சத்தமே இல்லை, எதிர்பார்த்ததுதானே. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், வந்திருக்க வேண்டிய அதே நொடியில் துடிப்பு தணிந்தது. 2003ல் அவரும் கூட்டாளிகளும் சாறு வரும் வாய்ப்பைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தார்கள். கட்டாயம் வரும் என்றாலும், வரவே வராது என்றாலும், காத்திருக்கும் நேரத்தில் அணுக்கள் சும்மா இருந்தன. வரலாம், வராமலும் போகலாம் என்று சரிபாதியாக இருந்தபோதுதான் அந்தக் காத்திருப்பு நெடுகிலும் துடிப்பு மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனது. இந்த டோபமின் ஏற்பாடு பாலூட்டிகளுக்குப் பொதுச் சொத்து. நாய்க்கும் உண்டு, நமக்கும் உண்டு.

நமக்கு உண்டு என்பதற்குச் சாட்சி வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை நம்பர் கடைப் பக்கம் போய் நில்லுங்கள். நாலு நம்பர் லாட்டரியில் 10,000 எண்கள், ஒரு குலுக்கலுக்குப் பரிசு 23. எட்டு வருடத்துக்கு முன்னால் ஒருமுறை ஆறுதல் பரிசு அடித்தவர் இன்னும் வரிசையில் நிற்கிறார். அக்கா வீட்டுக்காரர், நாய் சோபாவைக் கிழித்த அன்று அதன் லைசன்ஸ் தகட்டு எண்ணை எடுத்தாராம். வரவில்லை. கனவில் வந்த எண், காரை இடித்த லோரியின் எண் என்று அறிவைக் கழற்றி வைத்துவிட்டு அலைகிறோம், பிறகு நாயைப் பார்த்து "சொன்னா புரியாத ஜென்மம்" என்கிறோம்.

என் வீட்டுப் பிரௌனி கலப்பினக் கம்பத்து நாய், அதாவது நாட்டு நாய். அதற்கு ஏழு மாதம் இருக்கும்போது நான் கடைக்குப் போன பத்து நிமிடத்தில் அடுப்படி மேசை விளிம்பிலிருந்து ஒரு கருவாட்டுத் துண்டை இழுத்துத் தின்றுவிட்டது. ஒரே ஒரு துண்டு. அதற்குப் பிறகு ஐந்து மாதம், ஆள் இல்லாத போதெல்லாம் முன்னங்கால் இரண்டையும் மேசை மேல் வைத்து மூக்கை நீட்டியது. பழைய கைப்பேசி ஒன்றைக் கேமராவாக அலமாரியில் வைத்திருந்தேன், அதில் பார்த்தேன். மேசை காலியாகத்தான் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மகள் மறந்து வைத்த வடை கிடைத்தது. அவ்வளவுதான், கணக்கு முதலிலிருந்து தொடங்கியது.

சோபாவிலும் தலையணையிலும் நிலைமை இன்னும் மோசம். கடிப்பதே பரிசு என்பதால் யாரும் உருண்டை போட வேண்டியதில்லை. வீடே ஸ்கின்னரின் பெட்டி. பரிசு முழுக்க நின்றால் பழக்கம் தேயும். ஆனால் அணையப் போகிற விளக்கு பளிச்சென்று எரிவதுபோல, தேய்வதற்கு முன் ஒரு வாரம் சேட்டை கூடலாம். நம்மில் பாதிப் பேர் அந்த வாரத்தில்தான் "இது திருந்தாது" என்று சங்கிலியில் கட்டிவிடுகிறோம்.

ஒன்பது மாதம் என்று அக்கா சொன்னதில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. இங்கிலாந்தின் நியூகாசல் பல்கலைக்கழகத்தில் லூசி ஆஷர் குழு 2020ல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து மாதத்தில் "உட்கார்" என்றால் உட்கார்ந்த குட்டிகள் எட்டு மாதத்தில் வளர்ப்பவரின் பேச்சை அதிகம் மீறின. முன்பின் தெரியாதவர் சொன்னால் உட்கார்ந்தன! வயசுப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இதை விளக்கத் தேவையில்லை. ஒரு வயதை நெருங்கும்போது மறுபடி சொன்ன பேச்சு கேட்பதாக வளர்த்தவர்கள் சொன்னார்கள். உட்காரச் சொல்லிச் சோதித்த அந்த நாய்கள் பார்வையற்றோருக்கு வழிகாட்ட வளர்க்கப்பட்ட லாப்ரடார், கோல்டன் ரிட்ரீவர், அவற்றின் கலப்பு. நம் கம்பத்து நாய்களையும் இப்படி வரிசையாக உட்கார வைத்து அளக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. செம்பனை எண்ணெய் ஆராய்ச்சிக்கு டன் கணக்கில் தீர்வை வசூலிக்கத் தெரிந்த நாட்டில், நாய் அறிவுக்கு ஒரு சில்லறை ஒதுக்கக் கூடாதா? கேட்டால் சிரிப்பார்கள், தெரியும்.

சரி, அக்காவுக்கு என்ன சொன்னேன்? மாதத்தை எண்ண வேண்டாம், பரிசு கிடைக்காத நாளை எண்ணுங்கள் என்றேன். முதலில் ஒரு அறை, அதிலும் குப்பைத்தொட்டி, செருப்பு, தலையணை எதுவும் எட்டாத அறை. எலி மருந்து இருந்தால் அதை வீட்டை விட்டே அகற்றிவிடுங்கள். செம்பனைத் தோட்டங்களில் வைக்கும் வார்ஃபரின் வகை எலி மருந்து, ரத்தம் உறையத் தேவையான வைட்டமின் கே சுழற்சியை முடக்கும். ரத்தம் உறையாமல் போவது சில நாள் கழித்துத்தான் தெரிய வரும். அறை தயாரானதும் கேட் வரை போய் ஐந்து நிமிடத்தில் திரும்புங்கள். பிறகு கடைக்கு, பிறகு பசாருக்கு. கேமராவில் சும்மா படுத்துத் தூங்கினால் நேரத்தைக் கூட்டுங்கள். ஏதாவது கிடைத்துவிட்டால் திட்டாமல் பழைய நேரத்துக்கே இறங்குங்கள். தரையில் மூத்திர வாடை இருந்தால் அமோனியா கலந்த திரவத்தால் துடைக்காதீர்கள், அந்த நெடியும் மூத்திரத்தின் குடும்பம்தான். நொதி கலந்தது கடையில் கிடைக்கும்.

"அப்போ எட்டு மணி நேரம் விட எத்தனை மாசம் ஆவும் சார்?" என்று மறுபடியும் அதையே கேட்டார். பிரௌனிக்கு ஒன்றரை வயது ஆனது என்றேன். "அப்ப பலகைய எடுக்க இன்னும் ஒன்பது மாசமா" என்று முகம் சுருங்கிப் போனார்.

பிரௌனிக்கு இப்போது மூன்று வயது. நேற்றுப் பள்ளிக்கூடத்திலிருந்து கைப்பேசியில் பார்த்தேன். கூடத்துச் சிமெண்டுத் தரையில் வயிற்றைப் பரப்பிப் படுத்திருந்தது. பத்தரைக்கு எழுந்து, சோம்பல் முறித்து, அடுப்படிக்குப் போய் மேசைக்குக் கீழே நின்று விளிம்பை ஒருமுறை அண்ணாந்து பார்த்தது. அப்புறம் திரும்பி வந்து படுத்துக்கொண்டது.