அமெரிக்க விமானப்படையில் கார்கோ வேலையாம், 3.5 இலட்சமாம்

போன கிழமை வாழைச்சேனைப் பக்கமிருந்து ஒரு பொடியன் கோல் எடுத்தான். "அண்ணன், நீங்க கட்டார்ல அமெரிக்கன் பேஸ்ல கார்கோ வேலை செஞ்ச ஆள்தானே? எனக்கும் அதுதான் சரிவந்திருக்கு, ஆனா எனக்கு யூனிபோமோட. ஆளையும் சாமானையும் பிளேன்ல ஏத்துற வேலை. மறுகா மூணு வருஷத்தில கிரீன் கார்டும் தருவாங்களாம்." ஏஜென்ட் கேட்டது 3.5 இலட்சம். அதில் 75,000 ஏற்கெனவே கைமாறிவிட்டது, அம்மாவின் காப்பு அடகில்.

நான் அங்கே ஒப்பந்தக் கொம்பனி ஒன்றில் பதினொரு வருடம் இருந்தவன். சீருடை போட்டவனில்லை, போட்டவர்களோடு ஒரே வெயிலில் நின்று பலெட் கட்டியவன். அதனால் சொல்கிறேன்: அப்படியொரு வேலை உண்மையிலேயே இருக்கிறது. இங்கிருந்து காசு கட்டி அதை எடுக்க முடியாது, அவ்வளவுதான்.

பொடியனிடம் என்ன வேலை என்று கேட்டால், "பெட்டி தூக்குறதுதானே அண்ணன்" என்கிறான். ஏஜென்ட் சொல்லிக் கொடுத்தது அது. பெட்டியை யாரும் தூக்குவதில்லை தம்பி, போர்க்லிப்ட் தூக்கும். அமெரிக்க விமானப்படையில் இந்தப் பிரிவுக்காரர்கள் தங்களைத் தாங்களே 'போர்ட் டாக்' என்று சொல்லிக்கொள்வார்கள், துறைமுக நாய் என்று அர்த்தம், அதில் அவர்களுக்குப் பெருமை வேறு (நம்ம ஊரில் ஒருவனை அப்படிக் கூப்பிட்டுப் பாருங்கள்). விமானத்தோடு பறக்கிற லோட்மாஸ்டர் வேறு ஆள். இவர்கள் தரையில் நின்று, என்ன ஏறுகிறது, எவ்வளவு எடை, எந்த இடத்தில், யார் யார் போகிறார்கள் என்பதையெல்லாம் முடித்துக் கொடுப்பவர்கள்.

பலெட் என்றால் கடையில் கிடக்கிற மரப்பலகை இல்லை. 88 அங்குலத்துக்கு 108 அங்குலம், மேலும் கீழும் அலுமினியத் தகடு, நடுவில் பால்சா மரம், வெறுமனே 290 இறாத்தல், மேலே 10,000 இறாத்தல் வரை ஏற்றலாம். மேலே ஒரு வலை, பக்கங்களுக்கு இரண்டு வலை, இழுத்துக் கட்ட ஓரத்தில் 22 வளையங்கள். சீ-17 விமானத்தில் இப்படி 18 பலெட் போகும்.

இதிலே மண்டை காய்வது எடைக் கணக்கில்தான். வாவியில் தோணியின் பின்பக்கம் நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும், அதே கதைதான் ஆகாயத்திலும், ஆனால் அங்கே நீந்திக் கரை சேர முடியாது. ஒரு லொறியை ஏற்ற வேண்டுமென்றால் முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியே நிறுப்போம். முன் அச்சு முன் பம்பரிலிருந்து 1 மீற்றரில், 3,000 கிலோ. பின் அச்சு 5 மீற்றரில், 5,000 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். எடையை தூரத்தால் பெருக்கிக் கூட்டினால் 28,000, அதை மொத்த எடை 8,000 ஆல் வகுத்தால் 3.5. லொறியின் எடை சமனாகிற இடம் அதுதான், அந்த 3.5 மீற்றரில் லொறியின் பக்கத்தில் ஒரு அடையாளம் போட வேண்டும், அது இல்லாமல் வண்டி விமானத்துக்குக் கிட்டவும் போகாது. அப்புறம் சங்கிலி. சாமான் தன் எடையைப் போல் மூன்று மடங்கு விசையோடு முன்னால் பாய்ந்தாலும் அறாத மாதிரிக் கட்டுவது அவர்களுடைய விதி. 10,000 இறாத்தல் தாங்கும் சங்கிலியைச் சரிவாகக் கட்டினால் அந்த முழுப் பலமும் கிடைக்காது, கோணத்தைப் பார்த்துக் கழிக்க வேண்டும்.

2013 ஏப்ரல் 29, ஆப்கானிஸ்தானின் பக்ராம் தளம். இராணுவ ஒப்பந்தத்தில் ஓடிய ஒரு சிவில் 747 சரக்கு விமானம், உள்ளே ஐந்து கவச வாகனங்கள், ஒவ்வொன்றும் 12 முதல் 18 தொன். ஏறிய கொஞ்ச நேரத்திலேயே மூக்கு மேலே தூக்கி விழுந்தது, உள்ளே இருந்த ஏழு பேரும் போய்விட்டார்கள். சரியாகக் கட்டப்படாத வாகனம் ஒன்றாவது பின்னால் நகர்ந்து, திரவ அழுத்தக் குழாய்களையும் வால் செட்டையை அசைக்கும் பொறியையும் உடைத்ததென்று அமெரிக்க விசாரணை முடிவு செய்தது. அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் ஷெட்டில் தேநீர் நேரத்துக்கும் ஒருத்தரும் பேசவில்லை, கட்டி முடித்த பலெட்களை எங்கள் சுப்பர்வைசர் திரும்பவும் போய் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார்.

ஆட்களை ஏற்றுவதும் இதே கணக்குத்தான், பயணியையும் பையோடு நிறுப்பார்கள். 2021 ஓகஸ்டில் காபூலிலிருந்து ஒரே சீ-17இல் 823 பேர் கட்டாருக்கு வந்து இறங்கினார்களே, அது எல்லாக் கணக்கையும் மீறிய ஒரு நாள்.

சரி, பொடியனின் விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்கப் படையில் சேர அந்த நாட்டுப் பிரஜையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிரீன் கார்ட் ஏற்கெனவே கையில் இருக்க வேண்டும். சேர்ந்த பிறகு கிரீன் கார்ட் என்பது தலைகீழ்க் கதை. ஆங்கிலத்தில் நுழைவுப் பரீட்சை, டெக்சாஸில் அடிப்படைப் பயிற்சி, இதற்கெல்லாம் அவர்களுடைய ஆட்சேர்ப்பு அலுவலகம் ஒரு சதமும் கேட்பதில்லை. என்னைப் போல ஒப்பந்தக் கொம்பனிக்குப் போகலாம், அது வேறு வழி, சீருடை இல்லை, கிரீன் கார்டும் இல்லை. அதற்கும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் உள்ள ஏஜென்சி வேண்டும், அந்தக் குறிப்பிட்ட வேலைக்கும் பணியகம் அனுமதி கொடுத்திருக்க வேண்டும். பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அடித்துக் கேட்டால் சொல்வார்கள். 2024இல் ஏஜென்ட் பேச்சை நம்பி ரஷ்யா, உக்ரைன் போர்முனையில் போய் மாட்டிய நம் நாட்டு முன்னாள் படையினரின் கதை இன்னும் பழசாகவில்லை.

ஏஜென்ட்டிடம் ஒரேயொரு கேள்வி கேட்கச் சொன்னேன், ஒரு பலெட்டில் எவ்வளவு எடை ஏற்றலாம் என்று. பொடியன் வட்ஸ்அப்பில் கேட்டான். "அதெல்லாம் அங்க போனா பழக்குவாங்க, மிச்சக் காசை எப்ப போடுறீங்க" என்று பதில். ரசீதைக் காட்டச் சொன்னேன். கொப்பித் தாளில் கிழித்தது, 75,000 என்று எழுதி ஒரு கையெழுத்து, கொம்பனிப் பெயரும் இல்லை, அனுமதிப்பத்திர இலக்கமும் இல்லை. அதைப் படம் எடுத்து, அந்த வட்ஸ்அப் உரையாடலையும் சேர்த்து வைத்திருக்கிறோம், திங்கட்கிழமை இரண்டு பேரும் முறைப்பாடு கொடுக்கப் போகிறோம்.