சாதியைச் சொல்லி மறித்தால்: பொலிஸ் என்ட்ரியும் ஒரு மாதக் கெடுவும்

கோயிலுக்குள் விடவில்லை, சலூனில் முடி வெட்ட மாட்டோம் என்றார்கள், பொதுக் கிணற்றில் அள்ள விடவில்லை, பொதுச் சவக்காலையில் மறித்தார்கள். காரணம் சாதி என்றால் இலங்கையின் 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டத்தின்படி அது குற்றம். யூடியூப்பில் சொல்லும் ‘வன்கொடுமைச் சட்டம்’ இந்தியாவுடையது, இங்கே செல்லாது. சாதிச் சான்றிதழ் என்று ஒன்றும் நம் நாட்டில் இல்லை. அதைக் கேட்டுக் கிராம சேவகரிடம் அலைய வேண்டாம்.

முறைப்பாடு கெட்டுப்போவது பெரும்பாலும் பொலிஸ் மேசையில்தான். ‘கோயில் வாசலில் வாய்த்தர்க்கம்’ என்று ஒரே வரியில் என்ட்ரி போட்டு அனுப்பிவிடுவார்கள். சாதி என்ற சொல் அதில் இல்லாவிட்டால் 1957ஆம் ஆண்டுச் சட்டத்துக்கே அங்கு வேலை இல்லை. யார் மறித்தார், எந்த நாள், எத்தனை மணி, என்ன சொல்லி மறித்தார் என்பதைச் சொன்ன சொல் மாறாமல் எழுதச் சொல்லுங்கள், அந்தச் சொல் எவ்வளவு கூசினாலும். சாவீட்டுக்குப் பறை அடிக்க வரமாட்டோம் என்றவரை மிரட்டியிருந்தால் அந்த மிரட்டலும் அப்படியே வரவேண்டும். தமிழில் எழுதக் கேட்பது உங்கள் உரிமை. வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வைக்காதீர்கள். என்ட்ரி இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மறித்தது பாடசாலை, பிரதேச சபை போன்ற அரச இடமென்றாலோ, பொலிஸே முறைப்பாட்டை எடுக்க மறுத்தாலோ, அது அடிப்படை உரிமை மீறல். அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரையில் சாதி என்ற சொல்லே இருக்கிறது. ஆனால் உயர் நீதிமன்றம் போக ஒரே ஒரு மாதம்தான். “திருவிழா முடியட்டும், பேசித் தீர்ப்பம்” என்று ஊர்ப் பெரியவர்கள் இழுப்பது இந்த மாதத்தைத்தான் தின்கிறது. பேச்சுக்குப் போங்கள், ஆனால் அதற்கு முதல் மட்டக்களப்பிலோ கல்முனையிலோ உள்ள மனித உரிமைகள் ஆணைக்குழு அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். மாதத்துக்குள் கொடுத்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கெடுவில் சேராது. அதற்கு முறைப்பாடு கிடைத்தது என்ற துண்டு மட்டும் போதாது. விசாரணை நடக்கிறது என்பதற்குக் கடிதம் கேட்டு வாங்குங்கள். தனியார் கடைக்காரர் மறித்ததற்கு ஆணைக்குழுவுக்கு ஓடினால் நாள்தான் வீண். அதற்குப் பொலிஸ்தான்.

வண்ணக்கர் (கோயில் நிர்வாகப் பொறுப்பாளர்) பதவி எந்தக் குடிக்கு, அதாவது எந்தத் தாய்வழி வம்சத்துக்கு என்ற வழக்கு வேறு, கோயிலுக்குள் நுழையும் உரிமை வேறு. இரண்டையும் ஒரே மனுவில் எழுதினால் ‘நிர்வாகப் பிரச்சினை’ என்று மூடிவிடுவார்கள்.

பிணக்குகளைப் பேசித் தீர்க்கும் இணக்கசபைக்கு அனுப்பினாலும் சம்மதமில்லாத தீர்வுக்குக் கையெழுத்து வைக்கவேண்டியதில்லை. கடிதங்களைப் பதிவுத் தபாலில் போட்டு, பற்றுச்சீட்டைப் பிரதியில் குத்தி வையுங்கள்.